அம்மாவுக்கு முதுகுப் பக்கம் ஊசி போடலாமா?

கேள்வி: தோ பாயோவில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 61 வயது. அடுத்த மாதம் இடது மார்பகத்தை அகற்றி, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுக்கப் போகிறார்கள். வலி தெரியாமல் இருக்க, மயக்க மருத்துவர் முதுகுப் பக்கம் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போகச் செய்வார் என்றார்கள். "சிசேரியனுக்குப் போட்ட ஊசியாலதான் இன்னிக்கும் இடுப்பு வலிக்குது" என்று அம்மா மறுக்கிறார். இந்த ஊசி அவசியமா? வீட்டுக்கு வந்த பிறகு வலியை எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதலில் அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். சிசேரியனுக்குப் போடும் ஊசி, முதுகெலும்புக்கு உள்ளே தண்டுவட நீரில் மருந்தைச் செலுத்துவது. அதனால்தான் இடுப்புக்குக் கீழே முழுவதும் மரத்துப்போகிறது. இப்போது போடப்போவது வேறு. விலா எலும்புகளை ஒட்டி மார்புக்கு வரும் நரம்புகள் முதுகெலும்பை விட்டு வெளியேறும் இடத்தில், நடுக்கோட்டிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, மருந்தை விடுவார்கள். இப்போதெல்லாம் அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே செய்வது வழக்கம். ஒரு பக்க மார்பு மட்டும் மரத்துப்போகும். கால் இயல்பாக இருக்கும்.

முதுகே வேண்டாம் என்று அம்மா உறுதியாக இருந்தால், முன்பக்க வழியும் உண்டு. மார்புத் தசைகளுக்கு இடையே மருந்து செலுத்தும் 'பெக்ஸ்' முறை 2011, 2012 வாக்கில் வந்தது. பெரிய மார்பக அறுவைக்கு முதுகுப் பக்க ஊசியே முதல் தேர்வு, பெக்ஸ் அதற்கு மாற்று என்று 2020இல் வெளியான, அறுவைக்குப் பிந்தைய வலியைக் குறைப்பது பற்றி வல்லுநர் குழு தரும் 'ப்ராஸ்பெக்ட்' பரிந்துரை சொல்கிறது. மயக்க மருத்துவரைச் சந்திக்கும்போது தயங்காமல் இதைக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அம்மா மாத்திரை எடுத்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்; எந்த ஊசி என்பதே மாறலாம். நுரையீரலில் ஊசி பட்டுக் காற்று கசிவது போன்ற சிக்கல்கள் மிக அரிது, ஆனால் இல்லாமல் இல்லை.

அவசியமா என்றால், கட்டாயம் இல்லை. பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் அறுவை நடக்கும்; ஊசி அதோடு சேர்ந்த துணை. அம்மாவுக்கு அது நல்லது என்றே நான் நினைக்கிறேன். மார்ஃபின் வகை மருந்தின் தேவை குறையும், அதனால் குமட்டலும் வாந்தியும் குறையும். இந்த ஊசி புற்றுநோய் திரும்பாமல் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிங்கப்பூர் உட்பட பல நாடுகளில் 2,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. அதில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை.

எனக்குக் கவலை தரும் நேரம் முதல் இரவுதான். ஊசியின் பலன் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் வரை. மாலையில் அம்மா சிரித்துப் பேசுவார், "வலியே இல்லை" என்பார். ஊசி மருந்தின் பலன் தீரும் நேரம் நள்ளிரவாக இருந்தால், வலி மொத்தமாக வந்து எழுப்பும். அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த பனடாலை (பாராசிட்டமால்) மரத்திருக்கும்போதே, வேளை தவறாமல் கொடுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவென்றாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ அளவு குறையும். வீட்டில் இருக்கும் தசைவலி மாத்திரையான அனாரெக்ஸிலும் பல சளி மாத்திரைகளிலும் அதே பாராசிட்டமால்தான் இருக்கிறது, சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் ஐபுபுரோஃபென் போன்றவற்றைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

நம் அம்மாக்கள் "பொறுத்துக்கிறேன்" என்பார்கள். அதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். மூச்சை இழுத்து இருமச் சொல்லுங்கள், கையைத் தூக்கித் தலைவாரச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் மருந்து போதவில்லை. வலியால் கையை அசைக்காமல் வைத்தால் தோள் இறுகிவிடும், அப்புறம் அதைச் சரிசெய்யப் பல வாரம் ஆகும்.

மரத்திருக்கும் இடத்தில் சூடு தெரியாது. வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், காயத்தருகே தைலமும் கூடாது. மூச்சுத் திணறினால் 995ஐ அழையுங்கள். காயம் ஒரு பக்கம் வேகமாக வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்றும் முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவையுங்கள். அக்குளில் கணுக்களை எடுக்கும்போது, மேல்கையின் உட்புறத்துக்குப் போகும் சிறு நரம்பு ஒன்று இழுபடலாம், அறுபடவும் செய்யலாம். அங்கே மாதக்கணக்கில் மரத்த உணர்வு இருந்தால், காரணம் பெரும்பாலும் அதுதான், ஊசி இல்லை. மூன்று மாதம் கழிந்தும் எரிச்சலோ மின்சாரம் பாய்வது போன்ற வலியோ இருந்தால், அதற்குத் தனி மருந்துகள் உண்டு. அறுவை மருத்துவரிடம் வலி சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.