சங்க இலக்கியம் படித்தவர் நிர்வாகப் பதவிக்குப் போனால் படித்த படிப்பு வீண்தானா?

கேள்வி கேட்டவர், தம் பேராசிரியர் சங்க இலக்கிய வகுப்பை விட்டுவிட்டுத் துணைவேந்தர் நாற்காலியில் அமர்ந்ததைப் பெரிய இழப்பாக எழுதியிருக்கிறார். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வீண் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொழியியல் அறிஞராகவும் துணைவேந்தராகவும் இருந்த வ. அய். சுப்பிரமணியத்தை வைத்துக் காரணம் சொல்கிறேன்.

நான் மொரீஷியஸில் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியர். என் மாணவர்களில் அநேகமாக எல்லோரும் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். சென்ற ஆண்டு, 'யாதும் ஊரே' பாட்டை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "ஊர் என்றால் விலாஜா, பேயியா, ஐயா?" என்று கேட்டாள். கிராமமா, நாடா என்கிறாள். நான் விளக்கம் சொல்லவில்லை. புறநானூற்றுச் சொல்லடைவை எடுத்து அவள் முன் வைத்தேன். அதில் கதை கிடையாது, நயம் கிடையாது. ஒரு சொல், அது வரும் பாட்டின் எண், அடியின் எண், அவ்வளவுதான். அவள் எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஒவ்வொரு பாட்டாகப் புரட்டினாள். மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே வந்து நின்றாள். புறநானூற்றில் 192-ஆம் பாட்டான 'யாதும் ஊரே'வுக்கு முந்தைய பாட்டிலேயே விடை இருக்கிறதாம். இவ்வளவு வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குச் சங்கப் புலவர் பிசிராந்தையார் சொல்லும் பதில் அது. நல்ல மனைவி, மக்கள், ஏவலர், அரசன் என்று அடுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்று முடிப்பார். "அப்படியென்றால் ஊர் என்பது இடம் இல்லை, ஐயா. கூட வாழ்கிற ஆட்கள்" என்றாள். இத்தனை ஆண்டுகள் கற்பித்தும் அந்த இரண்டு பாட்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

அந்தச் சொல்லடைவைத் தொகுத்தவர்தான் வ. அய். சு. கேரளப் பல்கலைக்கழகம் அதை 1962-இல் வெளியிட்டது. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் 1926-இல் பிறந்தவர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். புறநானூற்றில் கிடைத்திருக்கிற பாட்டுகள் அத்தனையையும் சொல் சொல்லாகப் பிரித்து, இன்னொருவர் தேடும்போது கைக்குக் கிடைக்கும்படி அடுக்கி வைப்பது எவ்வளவு பொறுமையான வேலை என்று யோசித்துப் பாருங்கள். அதைச் செய்கிறவருக்குப் பெரிய புகழ் வராது. பயன்படுத்துகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லக்கூட மறந்துவிடுவார்கள்.

அவருடைய நிர்வாக வாழ்க்கையும் இதே வேலைதான் என்பது என் எண்ணம். 1963-இல் திருவனந்தபுரத்தில் மொழியியல் துறை, 1964-இல் தமிழறிஞர் தனிநாயகம் அடிகளோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1971-இல் திராவிட மொழியியல் கழகம் என்று ஒவ்வொன்றாக நிறுவினார். அந்த மன்றத்தின் ஏழாவது மாநாடு 1989-இல் எங்கள் தீவுக்கே வந்தது. 1981-இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அவரே முதல் துணைவேந்தர். ஓலைச்சுவடிக்கு ஒரு துறை, கல்வெட்டுக்கு ஒன்று, அகராதிக்கு ஒன்று எனப் பிரித்து அமைத்தார். வாழ்வியற் களஞ்சியம், அறிவியல் களஞ்சியம் என்ற பெரும் தொகுப்புப் பணிகளும் அங்கே தொடங்கின. சொற்களை அடுக்கியவர் அடுத்ததாகத் துறைகளை அடுக்கினார். இரண்டுமே பிறர் வந்து தேடி எடுப்பதற்காகச் செய்தவை. பதவிக்காலம் முடிந்த பிறகும், 2009-இல் மறையும்வரை, திராவிட மொழியியல் பணியை அவர் விடவில்லை.

நிர்வாகத்துக்குப் போகிறவருக்குப் பழம்பாட்டு நேரடியாகவே உதவும் என்பதையும் சொல்லவேண்டும். ஐந்து ஆண்டுகளாக எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவின் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அதே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன அறிவுரை புறநானூற்றில் 184-ஆம் பாட்டு. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலத்து விளைச்சலும் யானைக்குப் பல நாள் வரும்; யானையே வயலில் இறங்கிவிட்டால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவது அதிகம். வரி வாங்கும் அரசனுக்குச் சொன்னது இது. ஆசிரியர்களிடம் மூன்றாவது முறையாக ஒரே விவரத்தைப் படிவத்தில் கேட்கும்படி எனக்கு உத்தரவு வரும்போதெல்லாம் அந்த வயல் கண்முன் வரும். படிவத்துக்குப் போவது அரைமணி நேரம்தான். அதனால் கெடுவது ஒரு வாரத்துப் பாடம். அப்போதெல்லாம் பழைய கோப்பில் இருப்பதை நானே எடுத்து நிரப்பி அனுப்பிவிடுவேன்.

இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. பொறுப்பு வந்த நாளிலிருந்து இரவில் பாட்டு வாசிக்கும் நேரம் பாதியாகிவிட்டது. அது உறுத்தத்தான் செய்கிறது. உங்கள் பேராசிரியரைப் பார்த்தால், வாரம் ஒரு வகுப்பையாவது கைவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பு ஒன்று இருக்கிறது. அந்த மாணவி இப்போது 'கேளிர்' என்ற சொல்லின் எண்களை எழுதிக்கொண்டிருக்கிறாள்.