கேள்வி – பதில்: ஈரச் சுவரும் உப்புத் தண்ணீரும்

தஞ்சாவூர் வாசகர்: லியானார்டோ டா வின்சியின் 'இறுதி இராவுணவு' ஓவியம் உதிர்ந்துகொண்டே வந்தது. மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் வரைந்தவை மட்டும் நிலைத்தது எப்படி?

வித்தியாசம் சுவரின் ஈரத்தில். மைக்கேலாஞ்சலோ வரைந்தது ஈரச் சாந்தில் தீட்டும் ஃப்ரெஸ்கோ முறையில். ஃப்ரெஸ்கோ என்றால் இத்தாலிய மொழியில் 'புதியது, பச்சை' என்று பொருள். சுண்ணாம்பும் மணலும் கலந்த கரடுமுரடான காரையை முதலில் பூசிக் காயவிடுவார்கள். அதன்மேல், அன்று எவ்வளவு வரைந்து முடிக்கலாமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் நைசான சாந்து. அந்த ஒருநாள் பங்குக்கு 'ஜோர்னாட்டா' என்று பெயர். ஈரம் போவதற்குள், வெறும் தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டிவிட வேண்டும். பசையோ முட்டையோ தேவையில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணத் துகளும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் விளக்கடித்துப் பார்த்தால், ஒவ்வொரு நாளின் சாந்தும் அடுத்த நாளுடையதோடு சேரும் தையல்கோடு இன்றும் தெரியும்.

இதில் திருத்தத்துக்கு இடமில்லை. பிடிக்கவில்லையென்றால் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். லியானார்டோவோ நாள்கணக்கில் நின்று பார்த்துவிட்டு இரண்டு கோடு இழுக்கிறவர். அதனால் மிலான் மடத்து உணவுக்கூடத்தில், காய்ந்த சுவரில் ஈய வெள்ளை பூசி, முட்டையும் எண்ணெயும் கலந்த வண்ணத்தால் வரைந்தார் (1495–1498). சுவரோ ஓதம் ஏறுகிற சுவர். பிடிப்பில்லாத வண்ணப்படலம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. 1517லேயே பார்த்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். போதாக்குறைக்கு 1652ல் அதே சுவரில் கதவு வைக்கப்போய் இயேசுவின் பாதங்கள் போயின. 1978 முதல் 1999 வரை நடந்த சீரமைப்பு மிச்சத்தைத்தான் காப்பாற்றியது.

மைக்கேலாஞ்சலோவுக்கும் (1508–1512) தொடக்கத்தில் பூஞ்சை பிடித்தது. சாந்தில் தண்ணீர் கூடிப்போனதே காரணம், சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

கோயம்புத்தூர் மாணவி: பள்ளிக் கண்காட்சிக்காக வோல்டாவின் மின் அடுக்கைச் செய்தேன். செம்பு, துத்தநாக வில்லைகளைப் பத்து ஜோடி அடுக்கியும் சிவப்பு எல்.இ.டி. எரியவில்லை. ஏன்?

பெரும்பாலும் அடுக்கும் வரிசைதான் தப்பாகும். செம்பு, உப்புநீரில் நனைத்த அட்டை, துத்தநாகம். அந்தத் துத்தநாகத்தின் மேல் நேரடியாக அடுத்த செம்பு. அங்கேயும் ஈர அட்டை வைத்தால் ஒன்று கொடுப்பதை மற்றது தின்றுவிடும்.

வரிசை சரியென்றால் அட்டையைப் பாருங்கள். சொட்டச் சொட்ட இருந்தால் மேலுள்ள வில்லைகளின் பாரத்தில் உப்புநீர் பிதுங்கி, ஓரமாக வழிந்து, ஜோடிகளைக் குறுக்கே இணைத்துவிடும். 1800ல் வோல்டா செய்த அடுக்கிலும் இதே தொல்லை உண்டு. அட்டையை வில்லையைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டி, பிழிந்து வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு கரண்டி உப்பு போதும். வில்லைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். ஜோடிக்கு ஏறக்குறைய 0.7 வோல்ட், சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் அளவில் வேண்டும். நான்கைந்து ஜோடியிலேயே எரியும். நீளக் கால் செம்பு முனைக்கு.

திருச்சி வாசகர்: வீரமாமுனிவர் இத்தாலிக்காரர்தானா? எழுத்தில் என்ன மாற்றினார்?

ஆமாம். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1680ல் வட இத்தாலியில் பிறந்தவர். அன்று குறில் எ, ஒ ஓசைக்குப் புள்ளி வைப்பது மரபு. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிடுவார்கள். 'பெறு'வா 'பேறு'வா என்று வாசிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்து வேறுபடுத்தினார். இந்தப் பக்கத்தில் நீங்கள் படிக்கிற ஒவ்வொரு 'பே'யிலும் அந்தச் சுழி இருக்கிறது.