‘டு’ வருமா, ‘இங்’ வருமா?

கேள்வி: வங்கித் தேர்வுக்கு ஆங்கிலம் படிக்கிறேன். ‘டிசைடு’ வந்தால் ‘டு கோ’, ‘அவாய்டு’ வந்தால் ‘கோயிங்’ என்று நீளமான பட்டியலை மனப்பாடம் செய்தும், தேர்வில் குழம்பிவிடுகிறது. வேறு வழி உண்டா?
– கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். முதல் வினை ‘போக’, ‘வர’ என்று நின்றால் பெரும்பாலும் ‘டு’. ‘போவதை’, ‘வந்ததை’ என்று தொழிற்பெயராகி ‘ஐ’ உருபு ஏற்றால் ‘இங்’. போக முடிவு செய்தேன்: டிசைடட் டு கோ. போவதைத் தவிர்த்தேன்: அவாய்டட் கோயிங்.

ஒரே தமிழ் வினைக்கு இரண்டு ஆங்கில வினைகள் வரும் இடத்திலும் இது கைகொடுக்கும். வர மறுத்தான் என்பது ‘ரெஃப்யூஸ்டு டு கம்’. வந்ததை மறுத்தான் என்பது ‘டினைட் கம்மிங்’. வர ஒப்புக்கொண்டான் ‘அக்ரீட் டு கம்’; வந்ததை ஒப்புக்கொண்டான் ‘அட்மிட்டட் கம்மிங்’.

தேர்வில் அதிகம் கேட்பது பொருள் மாறும் வினைகளைத்தான். ‘த டிரைவர் ஸ்டாப்டு டு பை சிப்ஸ்’ என்றால், நாகர்கோவிலில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்க வண்டியை நிறுத்தினார். ‘ஸ்டாப்டு பையிங் சிப்ஸ்’ என்றால் சிப்ஸ் வாங்குவதையே விட்டுவிட்டார். ‘ஐ ஃபர்காட் டு லாக் த டோர்’ என்றால் கதவைப் பூட்ட மறந்தேன், வீடு திறந்து கிடக்கிறது. ‘ஐ வில் நெவர் ஃபர்கெட் சீயிங் இட்’ என்றால் பார்த்ததை மறக்கமாட்டேன்.

நம்மவர்கள் வழுக்குவது வினையெச்சத்தில். வாசித்து முடித்தேன், பேசிப் பழகு, கேட்டுக்கொண்டே இருந்தான்: மூன்றிலும் ‘ஐ’ இல்லை. அதனால் ‘ஃபினிஷ்டு டு ரீட்’ என்று எழுதிவிடுகிறார்கள். இவற்றுக்கும் ‘இங்’தான்: ஃபினிஷ்டு ரீடிங், ப்ராக்டிஸ் ஸ்பீக்கிங், கெப்ட் ஆஸ்கிங். ‘டிரை’யிலும் அப்படியே. திறக்க முயன்றேன் ‘டிரைட் டு ஓபன்’. புழுக்கம் குறையுமா என்று ஜன்னலைத் திறந்து பார்த்தேன் ‘டிரைட் ஓபனிங்’.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. வருவதாக வாக்களித்தான் என்பதற்கு ‘ப்ராமிஸ்டு டு கம்’. கதவைத் திறக்க முடியுமா என்று பணிவாகக் கேட்க ‘மைன்ட்’ போட்டால் ‘வுட் யு மைன்ட் ஓபனிங் த டோர்’. திற்பரப்புக்குப் போகலாம் என்றார் என்பதற்கு ‘சஜஸ்டட் கோயிங் டு திற்பரப்பு’; ‘சஜஸ்டட் மி டு கோ’ தவறு. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘ஸ்டார்ட்’, ‘பிகின்’ இரண்டுக்கும் பெரும்பாலும் எது எழுதினாலும் சரி.

கேள்வி: விண்ணப்பக் கடிதத்தில் ‘ஐ லுக் ஃபார்வர்டு டு மீட் யு’ என்று முடிக்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கூடாது, ‘மீட்டிங் யு’ என்று எழுதுங்கள். இங்கே ‘டு’ வினையோடு சேர்ந்ததல்ல, முன்னிடைச்சொல் (ப்ரிபொசிஷன்). சோதிக்க, ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்டு டு இட்’ பொருந்துகிறது, எனவே ‘இங்’. ‘வான்ட் டு இட்’ பொருந்தாது, எனவே வெறும் வினை. ‘யூஸ்டு டு’வுக்கும் இதே சோதனைதான். ‘ஐ யூஸ்டு டு வேக் அப் அட் ஃபோர்’ என்றால் முன்பு நான்கு மணிக்கு எழுவேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்டு டு வேக்கிங் அப் அட் ஃபோர்’ என்றால் அப்படி எழுவது பழகிவிட்டது.