மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கியர் கத்துகிறதா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1990களில் வந்த கொரோலா ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். மனுவல், ஐந்து கியர். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் 'கர்ர்' என்று கத்துகிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றும்போது வெட்டி இழுக்கிறது, பின்சீற்றில் இருக்கும் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. இ.போ.ச. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மாமா, 'டபிள் கிளச் பிடிச்சு மாத்து மகன், சத்தம் போயிரும்' என்கிறார். கராஜில் கேட்டால், 'இந்தக் காருக்கு அது தேவையில்லை, கிளச்தான் தேஞ்சுபோகும்' என்கிறார்கள். அடுத்த மாதம் குடும்பத்தோடு மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறோம். யார் சொல்வதைக் கேட்பது?"

மாமா சொல்வதைக் கேளுங்கள். டபிள் கிளச் என்றால் ஒரு கியர் மாற்றத்துக்குக் கிளச்சை இரண்டு முறை மிதிப்பது. அவர் சொன்னபடி செய்தால் சத்தம் பெரும்பாலும் நிற்கும். ஆனால் சத்தம் நின்றதும் கார் சுகமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அது எதனால் நின்றது என்று பார்த்தால் நோய் எந்த இடத்தில் என்று பிடித்துவிடலாம். அதற்குக் கியர்பொக்ஸுக்குள் நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும்.

பஸ் நிலையத்தை விட்டு மெல்ல வெளிக்கிடும் பஸ்ஸில் ஏறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். நின்ற இடத்தில் நின்றபடி கம்பியைப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். பஸ்ஸோடு நாலு எட்டு ஓடி, வேகம் ஒத்துவந்ததும் பிடித்தால் ஏறியதே தெரியாது. கியர் விழுவதும் அப்படித்தான். கியர்பொக்ஸுக்குள் ஒரு பக்கம் சக்கரங்களோடு சேர்ந்து சுற்றுகிறது, மறுபக்கம் கிளச் வழியாக எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தபின் பல்லோடு பல் கோர்த்தால் சத்தமே வராது. வேகம் ஒத்துவராமல் கோர்க்கப் பார்த்தால் கத்தும்.

கணக்கில் பார்ப்போம். நீங்கள் மூன்றாம் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிறீர்கள், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது. கியர்பொக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பக்கம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் பக்கம் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் கியரின் விகிதம். மூன்றின் விகிதம் 1.3, இரண்டின் விகிதம் 1.95 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 40இல் இரண்டாம் கியர் விழவேண்டுமென்றால் எஞ்சின் பக்கம் 3000 சுற்றுக்கு ஏறவேண்டும். நீங்களோ கிளச்சை மிதித்துவிட்டீர்கள், காலை அக்ஸிலேட்டரிலிருந்தும் எடுத்துவிட்டீர்கள். 2000இல் இருந்தது இன்னும் குறைந்துகொண்டிருக்கிறது. அதை 3000க்கு யார் ஏற்றுவது?

அந்த வேலையைச் செய்யத்தான் சின்க்ரோ ரிங் இருக்கிறது. ஒவ்வொரு முன் கியருக்கும் ஒன்று, பெரும்பாலும் பித்தளை. கையில் எடுத்துப் பார்த்தால் வளையல் மாதிரித்தான் இருக்கும். உட்பக்கத்தில் மயிரிழை போல மெல்லிய வரிகள், வெளிப்பக்கத்தில் கூர் வைத்த சின்னச் சின்னப் பற்கள். நீங்கள் லீவரைத் தள்ளும்போது இந்த ரிங் கியரின் கூம்பில் போய் அழுந்தும். அந்த வரிகள் ஒயிலை வழித்துவிட்டு உலோகத்தோடு உரசி, கியரை இழுத்துச் சரியான வேகத்துக்குக் கொண்டுவரும். அதுவரைக்கும் பற்களை உள்ளே விடாமல் தடுத்தும் வைத்திருக்கும். தேய்ந்த ரிங்கை விரலால் தடவிப் பாருங்கள், உட்புறம் வழவழவென்று கண்ணாடி போல இருக்கும், பற்களின் கூரும் மழுங்கியிருக்கும். கூம்பைப் பிடிக்கவும் முடியாது, பல்லைத் தடுக்கவும் முடியாது. ஊருக்குள் அடிக்கடி வேலை செய்வது இரண்டாம் கியர். அதனால் அந்த ரிங்தான் முதலில் போவது வழக்கம்.

சின்க்ரோ முதலில் வந்தது 1928இல், அமெரிக்காவின் கடிலாக் காரில். அது எல்லா வண்டிக்கும் எல்லாக் கியருக்கும் வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. நம் ஊரில் இன்னும் ஓடுகிற மொறிஸ் மைனருக்கு முதலாம் கியரில் சின்க்ரோ கிடையாது. பழைய பஸ், லொறி பலவற்றில் எந்தக் கியருக்குமே இல்லை. அவற்றை ஓட்டிய மாமாவின் தலைமுறை சின்க்ரோ ரிங்கின் வேலையைத் தங்கள் காலாலேயே செய்தது. அந்தக் காலின் பழக்கத்தைத்தான் அவர் உங்களுக்குத் தருகிறார்.

இப்போது செய்முறை. மூன்றில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்தாயிற்று. கிளச்சை மிதித்து லீவரை நியூட்ரலுக்கு எடுங்கள். நியூட்ரலில் வைத்தபடியே கிளச்சை முழுதாக விடுங்கள். அக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை ஏற்றுங்கள். உடனே கிளச்சை மறுபடி மிதித்து லீவரை இரண்டுக்குத் தள்ளிக் கிளச்சை விடுங்கள். பழகிவிட்டால் எல்லாம் சேர்த்து ஒன்றரை வினாடிக்குள் முடிந்துவிடும்.

இதில் உயிரான இடம் நியூட்ரலில் கிளச்சை விடுவது. கிளச் மிதிபட்டிருக்கும்போது எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் தொடர்பு கிடையாது. பழகவரும் பத்துப் பேரில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பிழைவிடுகிறார்கள். கிளச்சை விடாமலே அக்ஸிலேட்டரை அடித்துவிட்டு, "டபிள் கிளச் பிடித்தும் கத்துது" என்பார்கள். எஞ்சின் மட்டும் உறுமும், உள்ளே இருக்கும் கியர் ஏறாது. கியரை ஏற்றத்தான் இரண்டு மிதிக்கும் நடுவில் கிளச்சை விடுவது.

சரியாக வந்ததா என்று லீவரைப் பிடித்த கையே சொல்லிவிடும். வேகம் ஒத்துவந்த நேரத்தில் லீவர் இரண்டு விரல் பாரத்தில் தானாக உள்ளே விழும். முரண்டு பிடித்தால் உள்ளங்கையால் குத்தித் தள்ளாதீர்கள். ஏற்றியது போதவில்லை, அல்லது கூடிவிட்டது. திரும்ப நியூட்ரலுக்கு வந்து இன்னொரு தட்டுத் தட்டுங்கள்.

கிளச் தேயும் என்ற பயம் வேண்டாம். நியூட்ரலில் கிளச்சை விடும்போது அதன்மேல் காரின் பாரம் இல்லை, பிளேற் தேய அங்கே ஒன்றும் நடப்பதில்லை. பெடலை மிதிக்கும்போது கிளச்சை அழுத்தி விடுவிக்கும் றிலீஸ் பெயாரிங்குக்குத்தான் கொஞ்சம் கூடுதல் வேலை. சிவப்பு விளக்கில் முழுநேரமும் கிளச்சை மிதித்தபடி நிற்பதும், ஓடும்போது பெடலில் காலை வைத்திருப்பதும் அதைவிடப் பெரிய கேடு. லீவரில் கையை ஊன்றி ஓட்டுவதையும் விடுங்கள், உள்ளே கியரைத் தள்ளும் கவை வீணாகத் தேயும்.

இனி நோயைப் பிடிக்கலாம். காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சை அடிவரை மிதித்துக்கொண்டு ஐந்து வினாடி பொறுங்கள். பிறகு மெல்ல ரிவர்ஸைப் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. அப்போதும் கத்தினால், பெடலை மிதித்தும் கிளச் எஞ்சினை முழுதாகப் பிரிக்கவில்லை என்று பொருள். ஹைட்ரோலிக் கிளச் என்றால் ஒயில் குறைந்திருக்கலாம், காற்றுப் புகுந்திருக்கலாம், கசியலாம். கேபிள் என்றால் தளர்ந்திருக்கலாம். கியர்பொக்ஸை இறக்கவேண்டும் என்று கொண்டுவந்த ஒரு வானில், கிளச் பெடலுக்கு அடியில் இரண்டு கால்விரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததை நான் பார்த்தேன். பெடல் அடிவரை போகவே இல்லை. மேல்விரிப்பை எடுத்ததும் கத்தல் நின்றது. உங்கள் காரிலும் முதலில் அதைப் பாருங்கள், காசு செலவில்லை.

ரிவர்ஸ் சுத்தமாக விழுந்து, எல்லாக் கியரும் நல்லபடி விழுந்து, இரண்டு மட்டும் கத்துகிறது, அதுவும் டபிள் கிளச் பிடித்தால் கத்தவில்லை என்றால், இரண்டாம் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. கியர்பொக்ஸைத் திறந்து ரிங் மாற்றுவதே இதற்குச் சரியான வைத்தியம். அவசரம் இல்லை. மாமாவின் வித்தையோடு ஓட்டினால் நீண்ட நாள் தாங்கும். கத்தக் கத்தத் தள்ளி ஓட்டினால் ரிங்கோடு கியரின் பற்களும் உதிரும், அப்போது செலவு பல மடங்காகும்.

திறப்பதற்கு முன் கியர் ஒயிலைப் பாருங்கள். மார்கழி வெள்ளத்தில் ஓடிய கார் எதுவாக இருந்தாலும் எனக்கு அதில் சந்தேகம் உண்டு. கியர்பொக்ஸின் மேலே காற்று வாங்கும் சின்னத் துவாரம் இருக்கும், தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறினால் அதன் வழியாக உள்ளே போய்விடும். வடித்த ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்தாயிற்று. வடிப்பதற்கு முன் ஒயில் ஊற்றும் மேல் நட்டைக் கழற்றிப் பாருங்கள். அது இறுகிப்போய்க் கழறாவிட்டால், ஒயிலை வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். புது ஒயில் காரின் கையேட்டில் சொன்ன தரத்தில் இருக்க வேண்டும். ஜி.எல். 4 என்று போட்டிருந்தால் ஜி.எல். 4ஐயே கேட்டு வாங்குங்கள். "ஜி.எல். 5 அதைவிட நல்லது" என்று கடையில் சொல்வார்கள். அதில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும்.

அம்மாவின் தலைசுற்றலுக்கு வருகிறேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் விகித இடைவெளி அதிகம். ஒன்றில் 3000 வரை ஏற்றிவிட்டு இரண்டுக்குப் போனால், எஞ்சின் ஏறக்குறைய 1600க்கு இறங்கவேண்டும். இறங்குவதற்குள் கிளச்சை விட்டால் கார் முன்னே துள்ளும். எஞ்சின் தேவைக்கு மேல் இறங்கியபின் விட்டால் பின்னால் இழுக்கும். ஒன்றில் அதிகம் ஏற்றாமல் 2000 அளவிலேயே மாற்றுங்கள். லீவரை நியூட்ரல் வழியாக எடுக்கும்போது ஒரு கணம் நிறுத்தி எடுங்கள். கிளச் பிடிக்கத் தொடங்கும் புள்ளியில் காலை அரை வினாடி தாமதியுங்கள், அதே நேரத்தில் அக்ஸிலேட்டரை மெல்லக் கொடுங்கள். ஏற்றும்போது உங்கள் காருக்கு டபிள் கிளச் தேவையே இல்லை. இந்தப் பொறுமை போதும்.

பழகுவதற்கு ஞாயிறு காலை மண்முனைப் பாலம் தாண்டிப் படுவான்கரைப் பக்கம் போங்கள். கொக்கட்டிச்சோலை வீதி மட்டமானது, வாகனம் குறைவு, மாட்டைத்தான் கவனிக்க வேண்டும். அறுவடைக் காலம் என்றால் ரோட்டோரம் நெல் காயும், அந்த இடத்தில் பயிற்சி வேண்டாம். மாமாவையும் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். மீற்றரைப் பார்க்காமல் எஞ்சின் சத்தத்தை வைத்தே வேகத்தைச் சொல்ல அவரால் முடியும். எழுத்தில் நான் தர முடியாதது அது. (நெல் ஏற்றிய உழவு இயந்திரத்தில் மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள். பலவற்றில் நிறுத்தித்தான் கியர் மாற்ற வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் மாட்டினால் பின்பெட்டி தள்ளிக்கொண்டு போகும்.)

கண்டிப் பயணத்துக்கு வருவோம். செங்கலடியிலிருந்து மகா ஓயா, பதியத்தலாவை தாண்டி மகியங்கனை வரைக்கும் பெரிய தொந்தரவு இல்லை. அதன் பிறகு பதினெட்டு வளைவு. போகும்போது ஏற்றம், இரண்டாம் கியரும் முதலாம் கியரும் மாறிமாறி வரும். முதலாம் கியரை மெல்ல ஊரும் வேகத்துக்கு வந்தபின் மட்டும் போடுங்கள். திரும்பி வரும்போதுதான் கவனம் கூட வேண்டும். வளைவுக்குள் போய்க் கியர் தேடாதீர்கள். நேர்த்துண்டிலேயே பிரேக் பிடித்து, இரண்டுக்கு இறக்கி, கிளச்சை முழுதாக விட்டபின் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். கியர் விழாமல் போனால் லீவரைக் குனிந்து பார்க்கவேண்டாம். முதலில் பிரேக், பிறகு இருந்த மூன்றாம் கியருக்கே திரும்பிப் போங்கள், அடுத்த நேர்த்துண்டில் மறுபடி முயலலாம். நியூட்ரலில் உருளவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், கீழே வருவதற்குள் பிரேக் சூடேறி, பெடலை மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கும். டபிள் கிளச் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், இறக்கம் தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தி, இரண்டைப் போட்டுக்கொண்டு, அடிவாரம் வரை அதே கியரில் இறங்குங்கள். பின்னால் வருபவர் ஹோர்ன் அடித்தால் ஓரமாக விட்டுக் கொடுங்கள்.