கொல்லைத் தென்னை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு நெட்டைத் தென்னைகள் நிற்கின்றன. என் மாமனார் வைத்தவை. சென்ற கோடையில் ஆழ்குழாய் வற்றி, தண்ணீர் ஊற்றுவது நின்றுபோனது. இப்போது ஊற்றுகிறோம். ஆனாலும் குரும்பை கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு மரத்தில் புதிதாக விரியும் ஓலைகள் கத்தரியால் வெட்டியதுபோல் இருக்கின்றன. பச்சை மட்டைகளைக் கழித்துவிட்டால் மேலே தெம்பு ஏறும் என்கிறார் மரமேறுகிறவர். வேரில் மருந்து கட்டச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில். என் மகனோ, வேர் அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிடும், வெட்டிவிட்டுச் சிமெண்ட் போட்டுவிடலாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

மூவர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

முதலில் உங்கள் மகனுக்கு. தென்னை வேர் ஆலமரத்து வேர்போல ஆண்டுக்கு ஆண்டு பருப்பதில்லை. விரல் கனத்தோடு நின்றுவிடும். பெரும்பாலான வேர்கள் அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டருக்குள்ளேயே இருக்கும். சுவரைப் பிளக்கும் வலு அவற்றுக்குக் கிடையாது. பயப்பட்டே ஆகவேண்டுமென்றால் தலையில் விழும் தேங்காய்க்குப் பயப்படட்டும். நடக்கும் வழிக்கு மேல் தொங்கும் குலையை இளநீராகவே இறக்கிவிடுங்கள். சிமெண்ட் போடுவதானால் மரத்தைச் சுற்றி ஆறடி மண்ணை விட்டுவிட்டுப் போடுங்கள்.

குரும்பைக்கு வருவோம். குரும்பையாகும் பெண்பூக்களில் பாதிக்கு மேல் உதிர்வது எந்தத் தென்னைக்கும் இயல்பு. அதற்கும் மேலே கொட்டுகிறது என்றால், சென்ற கோடையின் கணக்கை மரம் இப்போது தீர்த்துக்கொண்டிருக்கிறது. பாளை வெடிப்பதற்கு ஏறக்குறைய 32 மாதம் முன்பே அதன் கரு குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. வெடித்த பிறகு காய் முற்ற இன்னும் 12 மாதம். நீங்கள் துவையலுக்கு உடைக்கும் தேங்காயின் வயது மூன்றரை ஆண்டுக்கு மேல். இதற்கு நடுவே எப்போது தண்ணீர் தவறினாலும் அடி விழும்; அது கண்ணுக்குத் தெரிய மாதங்களாகும், சில சமயம் ஆண்டுகளாகும். தென்னை வைத்தியர்களுக்குப் பெயர் கிடைப்பதும் இதனால்தான். எதையோ ஊற்றுகிறார்கள், எப்போதோ பெய்த மழைக்குக் காய் பிடிக்கிறது, ஊற்றியவருக்குப் புகழ்.

ஆகவே தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். ஆறடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, விழுந்த ஓலையையும் தேங்காய் உரித்த மட்டையையும் அதிலேயே பரப்பி ஈரத்தைக் காப்பாற்றுங்கள். வளர்ந்த நெட்டை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆனி-ஆடியில் பாதி, மார்கழி-தையில் பாதி. யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் பொட்டாஷை மறந்துவிடுகிறார்கள். தென்னை அதிகம் கேட்பது பொட்டாஷைத்தான்.

பச்சை மட்டையைக் கழிப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் வழக்கம். நல்ல தென்னையின் கொண்டையில் 30 முதல் 40 மட்டைகள் இருக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று விரியும். ஒவ்வொன்றின் இடுக்கிலும் ஒரு பாளை. பச்சையாக இருக்கும்வரை கீழ் மட்டையும் மரத்துக்குச் சோறு போடுகிறது. தானாகப் பழுத்துக் காய்ந்ததை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். (மட்டை கழிக்கத் தனிக் கூலி உண்டா என்றும் விசாரித்துப் பாருங்கள்.) மின்கம்பியில் உரசுகிறது என்று வெட்டியே தீரவேண்டுமானால் அடியில் நான்கடி விட்டு வெட்டட்டும். வெட்டுக்காய வாசனைக்கு, மரத்தைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு வரும். ஏறுவதற்காக அடிமரத்தில் படி வெட்டவும் விடாதீர்கள். மாமரம்போலத் தென்னை தன் காயத்தை மூடிக்கொள்ளாது, வெட்டிய இடம் கடைசிவரை திறந்தே கிடக்கும்.

கத்தரித்த ஓலை காண்டாமிருக வண்டின் வேலை. விரியாத குருத்தை அது துளைக்கிறது. மடிந்திருந்த ஓலை விரியும்போது விசிறிபோல வெட்டுத் தெரிகிறது. குருத்தில் துளையிருந்தால் கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுத்துவிட்டு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் மேல் மூன்று மட்டை இடுக்குகளில் போடச் சொல்லுங்கள். ஆனால் வண்டு பிறப்பது மரத்தில் அல்ல. அருகில் எருக்குழியோ மக்கிய தென்னந்தடியோ இருக்கும். கிளறிப் பாருங்கள், வளைந்து கிடக்கும் பருத்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். பக்கத்து வீட்டு எருக்குழியாக இருந்தால், மருந்து சொன்னவர்களுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம்.

வேரில் கட்டும் மருந்து மரத்துக்குள் ஏறும் நஞ்சு. இளநீர் குடிக்கும் வீட்டில் அது வேண்டாம்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அவசரப்பட வேண்டும். அடிமரத்தில் துளையும், அதிலிருந்து செம்பழுப்புச் சாறும், மென்று துப்பியதுபோன்ற நாரும் தெரிந்தால் அது கூன்வண்டு. அன்றைக்கே வேளாண்மை அலுவலகத்தில் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது; படம் எடுத்துக்கொண்டு போனால் பார்த்துச் சொல்ல அங்கே ஆள் உண்டு.