2020 என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: வீட்டில் 2017இல் வாங்கிய மடிக்கணினி இருக்கிறது. ஐ5-7200யூ, 8 ஜிபி, விண்டோஸ் 10. விண்டோஸ் 11 ஏறமாட்டேன் என்கிறது. சிம் லிம் ஸ்குவேரில் பழைய மேக்புக் ஏர், 2020ஆம் ஆண்டு மாடல், 400 வெள்ளிக்குத் தருகிறார்கள். அதை வாங்கலாமா, குரோம்புக் வாங்கலாமா? மகன் அடுத்த ஆண்டு உயர்நிலை 1 போகிறான்.
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: விலைக்கு முன் இரண்டு தேதிகளைக் கேளுங்கள். தயாரித்தவர் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தும் நாள் ஒன்று. மென்பொருள் எழுதுபவர்கள் அந்தக் கணினியைக் கைவிடும் நாள் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வருவதில்லை. விண்டோஸ் 7ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் கைவிட்டது. குரோம் உலாவியோ 2023 தொடக்கம்வரை அதில் புதுப்பிப்பு பெற்றது.

மேக்கில் இது தலைகீழாகவும் நடக்கும். 2020இல் ஏர் இரண்டு வந்தது: முதலில் இன்டெல் சில்லோடு, நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்1ஓடு. மூடி வைத்தால் வித்தியாசம் தெரியாது. திருப்பி, அடிப்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஏ2179 என்றால் இன்டெல், ஏ2337 என்றால் எம்1. இன்டெல் ஏர் மேக்ஓஎஸ் 15 செக்கோயா என்ற இயங்குதளப் பதிப்போடு நின்றுவிடும். நடப்புப் பதிப்புக்கும் முந்தைய இரண்டுக்கும் திருத்தம் தருவது ஆப்பிளின் வழக்கம்; எழுத்தில் உறுதி தருவதில்லை. அந்தக் கணக்கில் செக்கோயாவுக்கு 2027 செப்டம்பர் வாக்கில் முடிவு. எந்த இன்டெல் மேக்குக்கும் செக்கோயாவுக்கு அடுத்த பதிப்பான டஹோவே கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டதால், மென்பொருள்காரர்கள் அதற்கு முன்பே ஒதுங்கக்கூடும். ஏ2179ஐ 200 வெள்ளிக்குத் தந்தாலும் வேண்டாம். ஏ2337 என்றால் பேட்டரி நிலையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இனி உங்கள் பழைய கணினி. கோடுக்கு அடுத்த எண் 7, அதாவது ஏழாம் தலைமுறைச் சில்லு. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்கினால் சரியாகும் என்று யாராவது சொன்னால், அது 8250யூ போன்ற எட்டாம் தலைமுறைச் சில்லுகளுக்குத்தான் பொருந்தும். சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13வரை திருத்தம் கிடைக்கும். இணையமும் கடிதமும் மட்டும் என்றால், விண்டோஸுக்குப் பதில் உபுண்டு 24.04 என்ற இலவச இயங்குதளம் போடுங்கள். 8 ஜிபி தாராளம், 2029வரை கவலையில்லை. நிறுவும் முன் யூஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள்.

குரோம்புக்குக்கு கூகல் தரும் 10 ஆண்டுப் புதுப்பிப்பு, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த வன்பொருள் தளம் வெளியான நாளிலிருந்து. கடையில் தேங்கிய சரக்கில் பாதி ஆயுள் போயிருக்கலாம். அமைப்புகளில் 'குரோம்ஓஎஸ் பற்றி' பகுதியின் கூடுதல் விவரத்தில் கடைசித் தேதி இருக்கும். கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மகனுக்காக இப்போது எதையும் வாங்காதீர்கள். ஐபேடா, குரோம்புக்கா, விண்டோஸா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். பள்ளிவழி வாங்கும்போது, அரசு மாணவர் கணக்கில் போடும் எடுசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம்.