எந்த மாட்யூலை முதலில் வாங்குவது? மாட்யூலர் சின்தசைசர் கேள்வி பதில்

கேள்வி: மாட்யூலர் சின்தசைசரைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. பெட்டி நிறைய குமிழ்கள், குறுக்கும் நெடுக்குமாக வயர்கள். பலவற்றில் கீபோர்டுகூட இல்லை. இதை எப்படி வாசிக்கிறார்கள்?

பதில்: வயர்களை எண்ணாதீர்கள், அவற்றுக்குள் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். ஓடுவது வோல்டேஜ், அவ்வளவுதான். வழக்கமான சின்தசைசரில் ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், சத்தத்தை ஏற்றி இறக்கும் பகுதி எல்லாவற்றையும் தயாரித்தவர்களே உள்ளுக்குள் இணைத்துக் கொடுத்துவிடுவார்கள். மாட்யூலரில் ஒவ்வொன்றும் மாட்யூல் என்ற தனித்தனித் துண்டு. எதன் வெளியீட்டை எதற்குள் செருகுவது என்பது உங்கள் இஷ்டம்.

பெரும்பாலான கருவிகளில் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். 440 ஹெர்ட்ஸில் பாடும் ஆசிலேட்டருக்கு ஒரு வோல்ட் கூட்டிக் கொடுத்தால் 880, இன்னொரு வோல்ட் கொடுத்தால் 1760. அந்த வோல்ட்டை கீபோர்டு கொடுத்தாலும் ஒன்றுதான், வோல்டேஜ்களை வரிசையாகத் தானே அனுப்பும் சீக்வென்சர் கொடுத்தாலும் ஒன்றுதான், ஆசிலேட்டருக்கு வித்தியாசம் தெரியாது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் ராபர்ட் மூக்கும் டான் புக்லாவும் தனித்தனியாக இந்த வழிக்கு வந்தார்கள். மூக் கீபோர்டை வைத்தார். புக்லா அந்தக் கருப்பு வெள்ளைக் கட்டைகளே வேண்டாம் என்று, விரலால் தொட்டு வாசிக்கும் தகடுகளை வைத்தார். கீபோர்டு இல்லாத பெட்டிகளுக்கு அன்றிலிருந்தே ஒரு மரபு இருக்கிறது.

கேள்வி: ஆரம்பத்திலேயே மூன்று ஆசிலேட்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

பதில்: வேண்டாம். ஒன்று போதும். மிச்சப் பணத்தில் வி.சி.ஏ. வாங்குங்கள், குறைந்தது இரண்டு. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள், ஏனென்றால் வி.சி.ஏ. தானாக எந்தச் சத்தமும் போடாது. ஆனால் பெட்டி உயிரோடு இருப்பதும் இல்லாததும் அதன் கையில்தான் இருக்கிறது.

வி.சி.ஏ. என்பது வோல்டேஜால் இயங்கும் வால்யூம். கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று வால்யூம் குமிழைத் திருகுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிலேட்டர் நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருக்கும், அது அதன் சுபாவம். என்வெலப் என்ற மாட்யூல், கட்டையை அழுத்தியதும் ஏறி, கொஞ்சம் இறங்கி, விரலை எடுக்கும்வரை நின்று, எடுத்ததும் வடிந்துபோகும் ஒரு வோல்டேஜைத் தருகிறது. அதை வி.சி.ஏ.வுக்குள் கொடுத்தால்தான் அந்தக் கத்தல் ஒரு சுரமாகத் தொடங்கி முடிகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த வேலை.

தெரியாத வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நல்ல பாடகர் ஒரு சுரத்தை முதலில் நேராகப் பிடித்து, அப்புறம் மெல்ல அசைப்பார். அதை மாட்யூலரில் செய்ய, எல்.எஃப்.ஓ.வை, அதாவது காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக ஆடும் ஆசிலேட்டரை, வி.சி.ஏ.வின் உள்ளீட்டில் செருகுங்கள். மெதுவாக ஏறும் ஒரு என்வெலப்பை அதே வி.சி.ஏ.வின் கட்டுப்பாட்டு ஜாக்கில் செருகுங்கள். வெளியே வருவதை ஆசிலேட்டரின் சுருதி உள்ளீட்டுக்கு, அளவைக் குறைக்கும் குமிழ் உள்ள ஜாக் வழியாகக் கொண்டுபோங்கள். இப்போது சுரம் நேராகத் தொடங்கி, ஒரு கணம் நின்று, தானாக அசைய ஆரம்பிக்கும். இந்த வி.சி.ஏ. வழியாக ஒலியே போகவில்லை, போனது அசைவு மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். ஒலிக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஒரே ஜாக், ஒரே வயர் என்பதால் வரும் சுதந்திரம் இது.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். ஒலிக்கு மட்டுமே என்று செய்யப்பட்ட சில வி.சி.ஏ.க்கள் மெதுவான வோல்டேஜை உள்ளே விடாது. டி.சி., அதாவது ஆடாமல் ஒரே நிலையில் நிற்கும் வோல்டேஜையும் கடத்தும் என்று போட்டிருப்பதை வாங்கினால் இரண்டுக்கும் ஆகும்.

கேள்வி: அட்டெனுவேட்டர், மல்டிபிள் இதெல்லாம் இடத்தை அடைக்கும் வெட்டி மாட்யூல்கள்தானே?

பதில்: இல்லை! பல எல்.எஃப்.ஓ.க்கள் மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வோல்ட் வரை ஆடும். மொத்தம் பத்து வோல்ட். அதை நேராகச் சுருதி ஜாக்கில் செருகினால் பத்து ஸ்தாயி ஏறி இறங்கும், சைரன்தான் கேட்கும். இதமான அசைவுக்குத் தேவை 0.04 வோல்ட் மாதிரி ஏதோ கொஞ்சம். அந்தப் பத்தை இந்தக் கொஞ்சமாக்குவதுதான் அட்டெனுவேட்டரின் வேலை. நிறைய பேர் ஃபில்டர் சரியில்லை, ஆசிலேட்டர் சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குறை பெரும்பாலும் குறைக்கப்படாத வோல்டேஜில் இருக்கும்.

மல்டிபிள் ஒரு வோல்டேஜைப் பல இடத்துக்குப் பிரிக்கும். வெறும் ஜாக்குகளை இணைத்துச் செய்த மல்டிபிளில் ஒரு சுருதி வோல்டேஜை இரண்டு மூன்று ஆசிலேட்டருக்குப் பிரித்தால், சில கருவிகளில் ஒவ்வோர் ஆசிலேட்டரும் சுமார் ஒரு சதவீதத்தைத் தின்றுவிடும். மூன்று வோல்ட்டில் ஒரு சதவீதம் 0.03 வோல்ட். ஓர் அரைச்சுரமே 0.083 வோல்ட்தான், காது உடனே கண்டுபிடித்துவிடும். சுருதிக்கு மட்டும், வோல்டேஜ் குறையாமல் காக்கும் பஃபர் சர்க்யூட் உள்ள மல்டிபிளைப் பயன்படுத்துங்கள், மற்றதற்கு வெறும் ஜாக் போதும். இரண்டு வெளியீடுகளை ஒரு மல்டிபிளில் சேர்த்துக் கலக்கப் பார்க்காதீர்கள், அதற்கு மிக்சர் இருக்கிறது.

கேள்வி: சாம்பிள் அண்ட் ஹோல்ட் எதற்கு?

பதில்: துடிப்பு ஒன்று வரும்போது உள்ளே இருக்கும் வோல்டேஜைப் பிடித்து, அடுத்த துடிப்புவரை அப்படியே வைத்திருக்கும். உள்ளே இரைச்சலைக் கொடுத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் யாரும் எதிர்பார்க்காத ஒரு வோல்டேஜ் கிடைக்கும். அதை குவான்டைசர் வழியாக விட்டால் நீங்கள் தேர்ந்த சுரங்களில் மட்டும் போய் நிற்கும். ஃபில்டருக்குக் கொடுத்தால் இன்னும் அழகு.

கேள்வி: பணம் போடாமல் பழக வழி உண்டா?

பதில்: உண்டு. வி.சி.வி. ராக் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மேலே சொன்ன அசைவை அதில் செய்து பாருங்கள்.

கேள்வி: யூரோராக் பெட்டி வாங்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 1990களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் மாட்யூல்களுக்குக் கொண்டுவந்த பொது அளவுமுறைதான் யூரோராக். மாட்யூலின் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலத்தை 5.08 மில்லிமீட்டர் கொண்ட ஹெச்.பி. என்ற அலகில் சொல்வார்கள், ஜாக் 3.5 மில்லிமீட்டர். இதனால்தான் யார் செய்த மாட்யூலும் யார் பெட்டியிலும் உட்காருகிறது. இடத்தை எல்லோரும் கணக்குப் போடுவார்கள், மின்சாரத்தை மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு மாட்யூலும் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட்டில் எத்தனை மில்லிஆம்பியர் எடுக்கிறது என்று போட்டிருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள், பெட்டியின் சப்ளை அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்க வேண்டும், சில மாட்யூல்கள் ஆன் செய்த நொடியில் அதிகமாக இழுக்கும்.

மாட்டும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாட்டுங்கள். தட்டை வயரின் ஓரத்தில் இருக்கும் சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் வர வேண்டும். தலைகீழாகச் செருகினால், பாதுகாப்பு இல்லாத மாட்யூல் அங்கேயே எரிந்துபோகும். சர்க்யூட் பலகையில் எந்தப் பக்கம் மைனஸ் 12 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் கையேட்டைப் பார்க்காமல் செருகவே செருகாதீர்கள்.